கமிட்டி கேக்காத படம்: ஒரு கானமேளா ராத்திரியோட நெகட்டிவ் கேஸ்

ஒரே ராத்திரி, ஒரே கேமரா, ஒரே லென்ஸ், எடுத்ததும் நான் ஒருத்தன்தான். ஃபிலிம் கூட ஒரே டப்பாவுல இருந்து சுத்துனது. ஆனா அன்னைக்கு எடுத்ததுல ஒரு பங்கு இன்னைக்கு மஞ்சளும் பழுப்புமா கறை பிடிச்சு முகமெல்லாம் மங்கி கிடக்கு, இன்னொரு பங்கு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா தெளிவா சாம்பல் நிறத்துல அப்படியே இருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா கெட்டுப்போனது காசு வாங்கி எடுத்தது, தப்பிச்சது யாரும் கேக்காம எடுத்தது. ஏன் இப்படி ஆச்சுன்னு முழுசா எழுதி வைக்கேன். எண்பதுகள்ல நாகர்கோவில் பக்கம் ஸ்டுடியோ வச்சிருந்தவங்களுக்கு பாதி விஷயம் தெரிஞ்சதாத்தான் இருக்கும், இப்ப அப்பா பெட்டி, தாத்தா பெட்டின்னு திறந்து ஸ்கேன் பண்ணிட்டு இருக்க பிள்ளைங்களுக்கு உபயோகப்படும்.

கேஸ் எப்படி வந்துச்சுன்னா, குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில ஒரு கடப்புறத்து ஊர், பேரு வேண்டாம், அங்க இருந்து ஒரு பொண்ணு ஃபோன் போட்டா. "மாமா, எங்க அப்பா கல்யாணத்துக்கு முன்ன கோயில் திருவிழாவுல மேடையில ஏறி கிட்டார் வாசிச்சாராம், அம்மா சொல்லுவாவ, நாங்க யாரும் நம்பினதே இல்ல. நீங்கதான் அந்த வருஷம் போட்டோ எடுத்ததாம், ஏதாவது இருக்குமா?" அப்பா இப்ப இல்ல. அவர ஊருல எல்லாருக்கும் கப்பல்காரரா தெரியும், லீவுல வந்தா வாசல்ல சாரம் உடுத்திட்டு பேப்பர் படிக்கிற ஆளு. கிட்டாரும் கையுமா அவர கண்டவங்க ரொம்ப கம்மி, அதுல நான் ஒருத்தன்.

திருவிழா மேடைன்னா என்னன்னு வெளியூர்காரங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். எங்க கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி பக்கம் தானே இருந்துது, அதனால தமிழ்நாட்டோட சேந்த பிறகும் ரசனைய யாரும் கோடு போட்டு பிரிக்கல. கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் திருவிழான்னா திருவனந்தபுரத்துல இருந்து வேன் பிடிச்சு வர்ற கானமேளா ட்ரூப் கண்டிப்பா உண்டு, ரெண்டு தமிழ் பாட்டு ஒரு மலையாளம்னு மாத்தி மாத்திப் பாடுவாங்க, ஒரு நாள் வில்லுப்பாட்டு, ஒரு நாள் கதாபிரசங்கம், ஒரு நாள் நாடகம். கடப்புறத்து கத்தோலிக்க ஊருகள்ல கொடியேத்தத்துல தொடங்கி தேர் பவனி வரைக்கும் பத்து நாள், கடைசி ரெண்டு நாள்ல ஒண்ணு கானமேளாவுக்கு. வெஸ்டர்ன் வாத்தியம் ஒண்ணும் எங்களுக்கு அதிசயம் இல்ல, சபைகள்ல பாடகர் குழு, சால்வேஷன் ஆர்மி பேண்டு, பவனிக்கு பேண்டு செட்னு டிரம்பெட்டும் வயலினும் கேட்டு வளந்த ஊரு. புதுசா வந்தது எலெக்ட்ரிக் கிட்டார்தான். கப்பலுக்குப் போனவங்களும் பம்பாய்க்குப் போனவங்களும் கேசட், ஜீன்ஸ், முடி எல்லாம் கொண்டு வந்தாங்க. 1980ல 'தி போலீஸ்'ங்கிற இங்கிலீஷ் ராக் பேண்டு பம்பாய்ல வந்து வாசிச்சுட்டுப் போனத இங்க சாயாக்கடையில உக்காந்து பேசுன பயலுக எனக்குத் தெரியும், போய்ப் பாக்க பஸ் காசு கூட இருந்திருக்காது, ஆனா பேச்சு நேர்ல பாத்த கணக்கா இருக்கும்.

நானும் அந்தக் கூட்டம்தான். 1967ல அமெரிக்காவுல மான்டரே இசை விழா மேடையில ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் கிட்டார கொளுத்திட்டு அதுக்கு முன்ன முட்டி போட்டு உக்காந்திருக்க படம் இருக்கே, அத ஒரு பழைய புத்தகக் கடையில வாங்குன இங்கிலீஷ் பத்திரிகையில பாத்தேன். எட் காராஃப்னு 17 வயசு ஸ்கூல் பையன் எடுத்த படம், நாற்காலி மேல ஏறி நின்னு எடுத்திருக்கான். மேடை போட்டோன்னா பொன்னாடையும் மைக்கும்னு இருந்த எனக்கு அது மண்டையில ஆணி அடிச்சு மாட்டுன படம் ஆயிட்டு. அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் எண்பதுகள்ல ஒரு வழக்கம் வந்துச்சு, மேடைக்கு முன்ன போட்டோகிராஃபர முதல் மூணு பாட்டுக்குத்தான் விடுவாங்க, ஃபிளாஷ் கூடாது, அப்புறம் வெளிய போயிரணும். எங்க ஊருல அந்தத் தொல்லையே இல்ல, விடிய விடிய மேடை மேலயே நிக்கலாம். எங்க தொல்லை வேற. காசு கொடுக்கிற திருவிழா கமிட்டியோட லிஸ்ட்.

லிஸ்ட்டு ஒரு நோட்டுப் பேப்பர்ல வரும். ஃபாதர் குத்துவிளக்கு ஏத்துறது, தலைவர் பேசுறது, நன்கொடையாளர் ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை, பாட்டுக்காரங்க கூட கமிட்டி குரூப், ட்ரூப் தலைவருக்கு மாலை. ஒவ்வொண்ணும் ஒரு ஃபிரேம், ரெண்டாவது எடுத்தா அது என் செலவு. அன்னைக்கு ட்ரூப் வேன் பிந்திட்டு, தக்கலை தாண்டி எங்கயோ நிக்கின்னு சேதி வந்துது, கூட்டம் மணல்ல உக்காந்து சத்தம் போட ஆரம்பிச்சாச்சு. அப்பதான் ஊருப் பயலுக கொஞ்சப் பேரு "நாங்க ரெண்டு பாட்டு வாசிக்கோம்"னு ஏறுனானுக. ஒரு கிட்டார், ஒரு பேஸ், மைக்செட்காரர் எடுத்துக் கொடுத்த மைக், பேண்டு செட்டுல இருந்து கடன் வாங்குன ட்ரம்ஸ். நான் கேமராவ தூக்குனதப் பாத்து செயலாளர் கீழ இருந்து கத்துதாரு, "லே தம்பி, அவனுகளுக்கு ஃபிலிம வேஸ்ட் பண்ணாத கேட்டியா, பொன்னாடைக்கு வேணும்!"

சரின்னு கமிட்டி ரோல மடக்கி பாக்கெட்ல போட்டுட்டு, என் சொந்த ரோல் ஒண்ண மாட்டுனேன். இந்த ஒரு காரியம்தான் இன்னைக்கு இந்தக் கேஸ்ல ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பாக்க முடியிறதுக்கு காரணம்.

இப்ப வெளிச்சக் கணக்குக்கு வாரேன், இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி, சலிப்பா இருந்தா தாண்டிப் போங்க. கேமரா கல்ஃப்ல இருந்து ஒரு உறவுக்காரர் கொண்டு வந்த பென்டாக்ஸ் கே1000, லென்ஸ் 50 எம்எம் எஃப் 2 (இந்த எஃப் நம்பர் கூடக் கூட லென்ஸ் வாய் சுருங்கும்). பேட்டரி தீந்தாலும் ஷட்டர் அடிக்கும், மீட்டர் மட்டும்தான் சாகும், கடப்புறத்துக்கு அதுதான் லாயக்கு. ஃபிலிம் ஓர்வோ, கிழக்கு ஜெர்மனி சரக்கு, 400 ஏஎஸ்ஏ (ஃபிலிம் எவ்வளவு கம்மி வெளிச்சத்துல வேலை செய்யும்ங்கிற கணக்கு), பெரிய டப்பாவா வாங்கி இருட்டறையில கேசட்டுல சுத்திக்கிடறது. ஃபிளாஷோட கைடு நம்பர், அதாவது அதோட பலம், 100 ஏஎஸ்ஏவுக்கு 28 மீட்டர்; அத தூரத்தால வகுத்தா வைக்க வேண்டிய எஃப் நம்பர் வரும். 400க்குப் போனா ரெட்டிச்சு 56 ஆகும். மேடைக்குக் கீழ நின்னு ஏழு மீட்டர் தள்ளி இருக்க ஆள எடுத்தா 56ஐ ஏழால வகுத்து எஃப் 8. ஷட்டர் 1/60 நொடி, கே1000ல ஃபிளாஷுக்கு அதுக்கு மேல போவ முடியாது.

எஃப் 8ல என்ன ஆகுது பாருங்க. மேடையில கட்டியிருந்த ஹாலஜன், கலர் பேப்பர் ஒட்டுன லைட்டு, இதுக்கெல்லாம் அதே 1/60ல எஃப் 2 வச்சாலே கம்மிதான். எஃப் 2ல இருந்து எஃப் 8க்கு வந்தா உள்ள வர்ற வெளிச்சம் பதினாறுல ஒரு பங்கு. அதாவது ஃபிளாஷ் படத்துல மேடை லைட்டு மொத்தமா செத்துப் போகும். முன்னால பொன்னாடைக்காரர் வெள்ளைச் சட்டையோட பளீர்னு நிப்பாரு, பின்னால கரி. ஆர்கெஸ்ட்ரா இருந்துதா இல்லியான்னு கூட சொல்ல முடியாது. கமிட்டிக்கு அதுல ஒரு குறையும் இல்ல, ஆள் முகம் தெரியுதா, போதும்.

ஃபிளாஷ் இல்லாம எடுத்தா மேடை லைட்டு உண்டு, ஆனா வேற தலவேதனை. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஊரு முழுக்க சீரியல் செட்டும் டியூப்லைட்டும் எரியும்போது வோல்ட்டேஜ் அப்படியே இறங்கும். ஹாலஜன் மாதிரி இழை எரியிற லைட்டுக்கு வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போயிரும், நிறமும் சிவந்து போவும். இன்னொரு பக்கம் சவுக்கு கம்புல நெட்டுக்கு கட்டி வச்சிருக்க டியூப்லைட்டு, அது நம்ம 50 சைக்கிள் கரண்ட்ல நொடிக்கு நூறு தடவ மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஷட்டர 1/125, 1/250ன்னு ஏத்துனா படத்துல ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் இருண்டு பட்டை பட்டையா விழும். அதனால வேகமாவும் போவ முடியாது. கடைசியா 1/30, எஃப் 2, மூச்ச அடக்கிட்டு, மேடைக் கம்புல தோள சாய்ச்சுட்டு எடுக்க வேண்டியதுதான். நீல லைட்டு விழும்போது அடிக்காம சிவப்போ மஞ்சளோ வர்ற வரைக்கும் காத்திருக்கணும், நீலப் பேப்பர் வெளிச்சத்த அவ்வளவு தின்னுரும்.

பயலுக என்ன வாசிச்சானுகன்னா, ஏதோ ஒரு இங்கிலீஷ் ராக் பாட்டு, வரி பாதி தெரியல, தெரியாத இடத்துல வாய்க்கு வந்தத பாடுனான். கிட்டார நேரா மைக்செட்காரரோட ஆம்ப்ளிஃபயர்ல சொருகியிருந்தானுக, அது பேச்சுக்கும் பக்திப் பாட்டுக்கும்னு செஞ்ச சாதனம், ஸ்பீக்கர் எல்லாம் தென்னையில கட்டுன கூம்புக் குழாய். சத்தம் கிழிஞ்சு வந்துச்சு. இப்ப பெடல் வாங்கி மிதிச்சு அந்த கிழிஞ்ச சத்தத்த உண்டாக்குதாங்க, அன்னைக்கு அது இலவசம். மைக்செட்காரர் பதறிட்டு நாப் எல்லாத்தையும் குறைக்காரு, அவன் திரும்பிப் பாத்து கூட்டச் சொல்லுதான், இதுக்கு நடுவுல முன்வரிசையில மணல்ல உக்காந்திருந்த பாட்டிமாருக காதப் பொத்திட்டு சிரிக்காவ. ட்ரம்ஸ் அடிச்ச பையன் சவ அடக்கத்துக்கும் பவனிக்கும் அடிச்சுப் பழகினவன், அந்த அடியிலதான் ராக்கும் அடிச்சான், அது நல்லாவே இருந்துச்சு என்கிறது என் அபிப்பிராயம். கிட்டார்காரன் ஒரு இடத்துல கண்ண மூடி தலைய பின்னால சாச்சான், பின்பக்கம் இருந்து மஞ்ச லைட்டு முடியில விழுந்துச்சு. அடிச்சேன். அப்புறம் மைக்செட்காரர், பாட்டிமாருக, மேடைக்குப் பின்னால மரச்சீனியும் மீனும் சாப்பிட்டுட்டு இருந்த தேர் தூக்குற ஆளுக, அப்படியே அந்த ரோல் தீந்துது. ட்ரூப் வேன் வந்து சேந்ததும் திரும்ப கமிட்டி ரோல மாட்டி, லிஸ்ட்ட முடிச்சுக் கொடுத்தேன்.

இனிதான் கேஸோட முடிச்சு இருக்கு, இருட்டறையில. செயலாளர் சொல்லிட்டாரு, "மறுநாள் காலையில தேருக்கு முன்ன படம் வரணும், வெளியூர்ல இருந்து வந்த நன்கொடைகாரவிய மத்தியானம் போயிருவாவ." அந்தக் காலத்துல எல்லா ஸ்டுடியோவுலயும் திருவிழா ரோலுக்கு இதே கதைதான். ராவோட ராவா பைக்க எடுத்துட்டு நாகர்கோவில் வந்து டெவலப் பண்ணி, படம் நிலைக்கப் போடுற மருந்தான ஹைப்போவுல போட்டு, ஒரு பாத்திரத்துல தண்ணி மாத்தி ஒரு அலசு, ஸ்பிரிட்டுல முக்கி எடுத்து ஃபேன் காத்துல காய வச்சு, உடனே பிரிண்டு. ஃபிலிம சரியா கழுவணும்னா ஓடுற தண்ணியில இருபது முப்பது நிமிஷம் கிடக்கணும், அதுக்கு எங்க நேரம். பிரிண்டு விடிய முன்ன ரெடி, கமிட்டிக்கு சந்தோஷம்.

என் சொந்த ரோல் பிறகு ஒரு நாள், அவசரமே இல்லாம. டெவலப்பர் டி-76, கடையில வாங்காம நானே கலக்குறது: லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. வெளிச்சம் கம்மியா விழுந்த ரோலுங்கறதால நேரத்த ஒண்ணரை மடங்குக்கு கூட்டுனேன். இத புஷ் பண்றதும்பாங்க, ஆனா இதுல மாயம் ஒண்ணும் இல்ல, வெளிச்சமே படாத நிழல் பகுதியில எவ்வளவு நேரம் டெவலப் பண்ணுனாலும் ஒண்ணும் வராது, விழுந்த வெளிச்சத்தத்தான் அது தூக்கிக் காட்டும். அதுக்குத்தான் மஞ்ச லைட்டு முடியில விழுற வரைக்கும் காத்திருந்தது. நேரம் கூடுதலா கிடக்கும்போது தண்ணி சூடு முக்கியம், கணக்கு எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியிருப்பான், நம்ம கிணத்துத் தண்ணி 27, 28. மீன் ஐஸ் போடுற கம்பெனியில ஒரு துண்டு ஐஸ் வாங்கிட்டு வந்து வட்டையில போட்டு, அதுக்குள்ள டாங்க்க வச்சு இறக்குறது. ரூம்ல கொஞ்சம் மீன் வாடை வரும், அத கண்டுக்கிடாண்டாம். கழுவுறதுக்கு மட்டும் மோட்டார போட்டு கிணத்துத் தண்ணிய திறந்து விட்டுட்டு நான் சாப்பிடப் போயிட்டேன். அது பாட்டுக்கு ஓடிட்டே கிடந்துது.

சும்மா ஒரு தகவல்: கடல் தண்ணி ஹைப்போவ நல்ல தண்ணிய விட வேகமா இழுத்து எடுக்கும், கப்பல்ல போட்டோ கழுவுனவங்க அத கண்டுபிடிச்சுதான் பின்னால கழுவுற நேரத்த குறைக்கிற சல்ஃபைட் மருந்தெல்லாம் வந்துது. ஆனா கடைசியில நல்ல தண்ணியில அலசித்தான் ஆவணும், உப்பு தங்குனா அது வேற கேடு.

ரெண்டு கட்டும் ஒரே தகரப் பெட்டியில, பட்டர் பேப்பர் உறையில, ஒரே பரண்ல கிடந்துது. எங்க மாவட்டத்துக்கு தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, ரெண்டு மழையும் அடிக்கும், காத்துல ஈரம் காயவே காயாது. பெட்டிய திறந்தப்ப பூஞ்சை ரெண்டு கட்டுலயும் ஓரத்துல வலை பின்னியிருந்துச்சு, அது ஜெலட்டின திங்கிற சாதனம், யாரு காசு கொடுத்தான்னு பாக்காது. வினிகர் வாடை இல்ல, அது பெரிய ஆசுவாசம், ஃபிலிம் அடித்தட்டு கெட ஆரம்பிச்சா அந்தப் புளிச்ச வாடை வரும், வந்தா நிறுத்த முடியாது, பக்கத்துல இருக்க ஃபிலிமையும் பிடிக்கும். ஆனா மஞ்சக் கறை கமிட்டி ரோல்ல மட்டும்தான்.

சந்தேகத்த தீக்கணும்னு ஒரு சோதனை பண்ணுனேன். சில்வர் நைட்ரேட்ட அசிட்டிக் ஆசிட் தண்ணியில கலந்து, படம் இல்லாத காலி ஓரத்துல ஒரு சொட்டு. ஹைப்போ மிச்சம் இருந்தா அந்த இடம் பழுப்பாகும். கமிட்டி ரோல் நல்லா பழுத்துது, சொந்த ரோல்ல ஒரு லேசான நிழல் கூட இல்ல. அப்ப கதை இதுதான்: ஃபிலிமும் ஒண்ணு, பெட்டியும் ஒண்ணு, ஈரமும் ஒண்ணு. மிச்சம் நின்ன ஹைப்போவுல இருக்க கந்தகம் வருஷக்கணக்கா உக்காந்து படத்தோட வெள்ளிய தின்னு மஞ்சளாக்கியிருக்கு. வித்தியாசம் மறுநாள் காலை தேருக்கு முன்னங்கிற அந்த அவசரத்துல இருந்து வந்தது. நன்கொடைகாரர் கையில பிரிண்டு சீக்கிரம் போய்ச் சேர, அவர் முகம் நெகட்டிவ்ல சீக்கிரம் போயிட்டு.

இதப் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒண்ணு: பூஞ்சை பிடிச்ச ஃபிலிம தண்ணியில போட்டு கழுவிராதீங்க. பூஞ்சை தின்ன ஜெலட்டின் தண்ணியில கரையிற பக்குவத்துக்கு வந்திருக்கும், படமே வழிஞ்சு போகும். நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால பஞ்சுல தொட்டு பைய பைய துடைச்சேன், அதுவும் பளபளப்பு பக்கம் மொதல்ல. ஸ்கேனர்ல தூசி கீறல் தானா எடுக்கிற ஒரு வசதி இருக்குல்லா, அது இன்ஃப்ராரெட் வச்சு பாக்குறது, கருப்பு வெள்ளை ஃபிலிம்ல இருக்க வெள்ளி அந்த இன்ஃப்ராரெட்ட மறைக்கும், அது படத்தையே தூசின்னு நெனச்சு அழிச்சுரும். அதனால ஆஃப். லைட் பேனல் மேல வச்சு, மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவால ஒவ்வொரு ஃபிரேமா எடுத்தேன், கம்ப்யூட்டர்ல கருப்ப வெள்ளையாவும் வெள்ளைய கருப்பாவும் திருப்பிப் போட்டேன்.

ஆள் அவர்தானான்னு முடிவு பண்ணுனது அவங்க அம்மா. முகத்தப் பாத்து இல்ல, தலை சாஞ்சு முகத்துல பாதி இருட்டு. சட்டையப் பாத்து. "இது எங்க அண்ணன் சட்டை, பம்பாயில இருந்து கொண்டு வந்தது, கேக்காம எடுத்துட்டுப் போயி, பிறகு வீட்டுல பெரிய சண்டை"ன்னாவ. கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன் சட்டை அவர்கிட்ட எப்படிப் போச்சுன்னு பிள்ளை கேட்டா, அம்மா பதில் சொல்லல.

பிரிண்டு பெருசா போடும்போது ஒரு வாக்குவாதம். புள்ளி புள்ளியா இருக்கே மாமா, ஸ்மூத் பண்ணி கலரும் போட்டுத் தரலாமான்னு பொண்ணு கேட்டா. புஷ் பண்ணுன 400 ஃபிலிம்ல அந்த மணல் மணலான கிரெய்ன் இருக்கத்தான் செய்யும், அத வழிச்சு எடுத்தா முடியில விழுந்த வெளிச்சமும் ட்ரம்ஸ் குச்சி அசைஞ்ச கோடும் சேந்து போகும், அப்புறம் கல்யாண ஆல்பம் முகம் மாதிரி ஆயிரும். கலர் என்ன கலருன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு, மஞ்ச லைட்டுல வெள்ளையும் மஞ்சதான். நான் மாட்டேன்னுட்டேன். வேணும்னா ஃபைல தாரேன், வேற எங்கயாவது போட்டுக்கோன்னு சொன்னேன். போடல.

ஊருல அந்தப் படம் போன்ல சுத்தி, அன்னைக்கு செயலாளரா இருந்த பெரியவர் காதுக்குப் போயிருக்கு. வயசு எண்பது தாண்டியாச்சு, பேரன் வண்டியில ஏறி வீட்டுக்கே வந்துட்டாரு. "நான் அன்னைக்கு ட்ரூப் தலைவருக்கு பொன்னாடை போத்துனேனே, அது எங்க?" எடுத்துக் காட்டுனேன். பொன்னாடை இருக்கு, மாலை இருக்கு, அவர் முகம் இருக்க வேண்டிய இடத்துல மஞ்சளா ஒரு மேகம். கண்ணாடிய கழத்திட்டு, மாட்டிட்டு, மறுபடியும் பாத்தாரு.

"ஏம்டே, காசு தராதவன் படம் இவ்வளவு நல்லா இருக்கு, நாங்க காசு தந்தோம்லா?"

"காலையில தேருக்கு முன்ன வேணும்னு ராத்திரியே கேட்டது யாரு அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "அது பொருளாளர் கேட்டிருப்பான்"னாரு, "அவன் செத்துட்டான்."